சாயாத கப்பலின் திருகாணி

அந்த உல்லாசக் கப்பல் சாயாது. நான் சொல்லவில்லை, கம்பெனியின் பாதுகாப்புக் கையேடு சொல்கிறது. முதல் பக்கம், முதல் வரி: "எமது கப்பல் சாயாது." அதற்குக் கீழே கம்பெனித் தலைவரின் கையெழுத்து. கையெழுத்து மட்டும் வலப்பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. சொன்ன ஒருவர் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை.

பன்னிரண்டு மாடி, இரண்டாயிரம் பயணிகள், மொட்டை மாடியில் நீச்சல் குளம், ஆறாவது மாடியில் பியானோவோடு ஒரு சாப்பாட்டுக் கூடம். இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டுதான் அது கடலில் போய்வந்தது. ஏறும் வழியில் ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளைப் பலகை. மேலே "சாயாமல் இன்றோடு", கீழே "நாட்கள்", நடுவில் எண். காலை எட்டு மணிக்கு ஊதல் ஒலிக்கும். பாதுகாப்பு அதிகாரி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, பழைய எண்ணைக் கழற்றிப் புது எண்ணை மாட்டுவார். ஊழியர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். யார் எவ்வளவு சத்தமாகத் தட்டினார்கள் என்று குறித்துக்கொள்ள ஒருவர் தனியாக நிற்பார். அவருக்கு மட்டும் கைதட்டுவதிலிருந்து விலக்கு உண்டு.

அந்த வரிசையின் கடைசியில் நின்று தட்டுபவர் கப்பல் தச்சர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். கப்பலில் எல்லாருக்கும் அவர் 'திருகாணி'. காரணம், வருடத்துக்கு ஒரு முறை அவர் ஒரே மனுவை எழுதிக் கொடுப்பார். சாப்பாட்டு மேசைகள், பாத்திர அலமாரி, ஆஸ்பத்திரி அறைக் கட்டில்கள், இவற்றையெல்லாம் தரையோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்க அனுமதி வேண்டும். இதுதான் மனு. மூன்றாவது மனு போனபோது அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"ஏன்யா, சாயாத கப்பலுக்கு எதுக்குத் திருகாணி?"

"ஒரு பத்திரத்துக்குத்தான் சார்."

"நீ ஒரு திருகாணி போடுறே. அதைப் பாக்குற பயணி என்ன நினைப்பான்? 'ஓஹோ, இது சாயும் போலிருக்கே'ன்னு நினைப்பான். உடனே பயம் வரும். பயம் வந்தா கால் நடுங்கும். கால் நடுங்கினா விழுவான். இப்ப சொல்லு, அவனைத் தள்ளிவிட்டது யாரு?"

"யாரு சார்?"

"உன் திருகாணி!"

தச்சருக்கு இந்த வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருப்பதாகப் பட்டது. மரத்தில் ஓட்டை என்றால் விரல் வைத்துக் காட்டிவிடுவார். பேச்சில் எங்கே என்று பிடிபடவில்லை. ஏற்கனவே போட்டிருந்தவற்றையும் கழற்றும்படி உத்தரவாயிற்று. பியானோவின் அடியிலிருந்த நாலு திருகாணிகளைத் தன் கையாலேயே கழற்றி, மனசு கேட்காமல் ஒரு காலித் தைல டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கப்பலில் திருகாணி போட்டிருந்த ஒரே சாமான் அந்தப் பித்தளைப் பலகைதான். அதற்குப் பதினாறு. பலகை விழுந்தால் கம்பெனி மானம் போய்விடும் என்பது அதிகாரியின் கவலை.

இந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேப்டன் நிற்கும் சுக்கான் அறையில் சாய்வுமானி என்று ஒரு பித்தளைக் கருவி இருந்தது. அரை வட்டத் தட்டு, நடுவில் ஒரு முள். கப்பல் எத்தனை டிகிரி சாய்கிறதோ அத்தனை டிகிரி முள் நகரும். முன்பெல்லாம் அது சுவரோடு இறுக்கியிருந்தது. அலை அடிக்கும்போதெல்லாம் முள் நாலுக்கும் ஐந்துக்கும் போய்வரும். பார்க்கப் பார்க்க அதிகாரிக்குப் பொறுக்காது. "இவ்வளவு நுட்பமான கருவி. கப்பல் ஆடினா அதுவும் சேர்ந்து ஆடணுமா?" என்று கேட்டவர், தச்சரைக் கூப்பிட்டுத் தேக்கில் ஒரு ஊஞ்சல் செய்யச் சொன்னார். வளையத்துக்குள் வளையம், அடியில் ஈயக் குண்டு. பழைய கப்பல்களில் விளக்கு தொங்கவிடுவார்களே, அதே கணக்கு. கப்பல் எந்தப் பக்கம் புரண்டாலும் ஊஞ்சல் நேராக நிற்கும், அதில் உட்கார்ந்திருப்பதும் நேராக நிற்கும். தச்சர் செய்து கொடுத்தார். அவர் ஆயுசில் செய்த வேலைகளிலேயே அதுதான் அழகானது. கேடுகெட்டதும் அதுதான்.

அன்றிலிருந்து முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. "பாத்தியா? மரியாதை குடுத்தா கருவியும் மரியாதையா நடந்துக்குது," என்றார் அதிகாரி. அன்றைக்குத்தான் பித்தளைப் பலகையில் ஒன்றாம் எண் ஏறியது. அதன் பிறகு கருவிக்குத் தினமும் பட்டுத் துணியால் துடைப்பு, மேலே வெல்வெட் போர்வை. அதற்கு எதிரே யாரும் கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. ஊழியர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு வேலையும் பார்க்காமல் மரியாதை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் வேறு என்ன பேர் வைப்பது?

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது நாள் தச்சரின் மனைவியும் கப்பலில் இருந்தாள். ஊரில் தையல்காரி. இடது காலால் மிதித்து மிதித்து மெஷினை ஓட்டியே பாதி வாழ்க்கையைத் தைத்துவிட்டவள். கல்யாணமான புதிதில் "உன்னை ஒரு நாள் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்ன சொல்லைத் தச்சர் இருபத்தாறு வருடம் கழித்து இப்போதுதான் காப்பாற்றியிருந்தார்.

"ஏங்க, இது சாயாதுல்ல?" என்று ஏறும்போதே கேட்டாள்.

"சாயாது."

"அதை ஏன் என் மூஞ்சியைப் பாக்காம சொல்றீங்க?"

"சாயும்னு சொன்னா ஏழு நாள் பயிற்சி வகுப்புல உக்கார வச்சிடுவாங்க."

"அப்ப சாயும்."

"நான் சொல்லல," என்றார் தச்சர்.

மத்தியானம் ஒரு மணி. சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பேர். மேலே சுக்கான் அறையில் கேப்டன் தானியங்கியை நிறுத்திவிட்டுச் சுக்கானைத் தன் கையில் வாங்கி, முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த கப்பலை ஒரே திருப்பாகத் திருப்பினார். ஆயிரமாவது நாளன்று கடலில் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அதற்கு ஒத்திகை.

முதலில் தண்ணீர் டம்ளர்கள் மேசையின் ஓரத்துக்கு நகர்ந்தன. பிறகு தட்டுகள். பிறகு மேசைகளே நகர்ந்தன. அதற்குப் பிறகு மனிதர்கள். கூடம் மொத்தமும் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பக்கமாகக் கொட்டியது. பாத்திர அலமாரி குப்புற விழுந்து அடியில் நின்றிருந்த இரண்டு பரிமாறுபவர்களை நசுக்கியது. கைப்பிடிக் கம்பியில் ஒரு பெரியவரின் தலை மோதிய சத்தம் கூடத்தின் மறுகோடி வரை கேட்டது. அவர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. உடைந்த கண்ணாடியின் மேல் ஆட்கள் வழுக்கிக்கொண்டு போனார்கள், போன வழியெல்லாம் சிவப்பாயிற்று. மொட்டை மாடிக் குளத்துத் தண்ணீர் மொத்தமும் படிக்கட்டு வழியாக இறங்கிவந்தது. கூடவே நீச்சல் உடையில் ஒருவரும் வந்தார், கை எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியிருந்தது.

பியானோ கடைசியில்தான் கிளம்பியது. கனமான சாமான், யோசித்து யோசித்து நகர்ந்தது. நகர ஆரம்பித்த பிறகு யோசிக்கவில்லை. இரண்டு மேசைகளை உடைத்துக்கொண்டு வந்து, தையல்காரியின் இடது காலைத் தூணோடு வைத்து முழங்காலுக்குக் கீழே நெரித்தது. அவள் போட்ட சத்தத்தில் தச்சர் இரண்டு மாடிக்குக் கீழே தன் பட்டறையிலிருந்து ஓடிவந்தார். நாலு பேரோடு சேர்ந்து பியானோவைத் தள்ளினார். அது நின்றிருந்த பழைய இடத்தில், தரையில் நாலு ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் அவருக்குத் தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

ஒன்றரை நிமிடத்தில் கப்பல் நிமிர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் மெல்லிய இசை வந்தது, பிறகு அதிகாரியின் குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சற்றுமுன் உங்களில் பலர் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக விழுந்ததாகத் தெரியவருகிறது. இது போன்ற கூட்டு முயற்சிகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஆஸ்பத்திரி அறையில் கட்டில் ஐந்து, அடிபட்டவர்கள் இருநூற்றுப் பதினாலு. வாசலில் ஒரு குமாஸ்தா மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபாரம் நிரப்பாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. ஃபாரத்தில் மூன்று கட்டங்கள்: 'வழுக்கி விழுந்தேன்', 'மயங்கி விழுந்தேன்', 'விளையாட்டாக விழுந்தேன்'. நாலாவது கட்டம் இல்லை.

"நான் விழவே இல்லைங்க. அலமாரிதான் என் மேல விழுந்துச்சு," என்றார் தோள் எலும்பு வெளியே தெரிய நின்றிருந்த ஒரு பரிமாறுபவர்.

"அப்ப அலமாரி வந்து ஃபாரம் நிரப்பட்டும். நீ தள்ளு," என்றார் குமாஸ்தா.

இறந்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்குத் தனிப் பதிவேடு இருந்தது. தலைப்பு: 'முன்கூட்டியே இறங்கியவர்கள்'.

கப்பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். தையல்காரியின் காலைப் பார்த்துவிட்டுத் தச்சரைத் தனியே அழைத்தாள். "அண்ணே, எலும்பு நொறுங்கியிருக்கு. பாதத்துக்கு ரத்தம் சரியா போகல. இங்க என்னால கட்டுப் போட மட்டும்தான் முடியும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணலேன்னா கால எடுக்கணும். அப்புறம் உயிருக்கே ஆபத்து."

"பக்கத்துல கரை இருக்கா?"

"எட்டு மணி நேரத்துல ஒரு துறைமுகம் இருக்கு. ஆனா கப்பல் அந்தப் பக்கம் போகலையே. நாம கரையைப் பாக்க இன்னும் நாலு நாள்."

கட்டிலில் இருந்து தையல்காரியின் குரல் வந்தது. "என்னங்க சொல்றா?"

"ஒண்ணுமில்ல. கப்பலைத் திருப்பச் சொல்லிட்டு வந்துடறேன்."

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

நாலு மணிக்குப் பாதுகாப்புக் குழு கூடியது. தச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேப்டனின் நெற்றியில் பெரிய கட்டு. அவர் 'மயங்கி விழுந்தேன்' கட்டத்தில் குறியிட்டிருந்தார்.

"சார், கப்பல் சாய்ஞ்சதாலதான் இவ்வளவு பேருக்கு அடி. என் சம்சாரம் கால் போயிடும் சார். திருப்பச் சொல்லுங்க."

"சாய்ஞ்சதுன்னு யார் சொன்னது?" என்றார் அதிகாரி. "மாப்பிள்ளை..." என்று தொடங்கி, கனைத்துக்கொண்டு, "சாய்வுமானி பூஜ்யம் காட்டுது."

"அது ஊஞ்சல்ல இருக்குது சார். கப்பல் கவுந்து அடிமட்டத்துக்குப் போனாலும் அது பூஜ்யம்தான் காட்டும். நான்தானே செஞ்சேன்!"

"பாருங்க, எவ்வளவு தற்பெருமை!" என்றார் அதிகாரி, குழுவைப் பார்த்து.

கேப்டன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் கண்ணால பாத்தேன். கப்பல் அசையவே இல்ல. கடல்தான் ஒரு பக்கமா எழுந்து நின்னுச்சு." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கடலையே கோணல் ஆக்கிவிட்டார். குழு அதைக் குறித்துக்கொண்டது.

அதிகாரி எழுந்து தச்சரின் தோளில் கை போட்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் அவரே நம்பினார். "இதோ பாரு, பாதுகாப்புன்னா என்ன? நாம பத்திரமா இருக்கோம்ங்கற நினைப்பு. நினைப்பு பத்திரமா இருந்தாப் போதும், ஆள் எப்படி இருந்தாலும் சமாளிச்சுக்கலாம். அந்த நினைப்பை நான் தூசி படாம காப்பாத்திட்டு வர்றேன். நாளன்னைக்கு ஆயிரமாவது நாள். இப்ப ஒரு காலுக்காகக் கப்பலைத் திருப்பினா, ஏன் திருப்பினேன்னு எழுதணும். சாய்ஞ்சதுன்னு எழுதணும். சாய்ஞ்சதுன்னு எழுதினா அப்புறம் சாய்ஞ்சிடும்யா!"

"கால் போயிடும் சார்."

"எங்களுக்கு மனசாட்சி இல்லைன்னு நினைச்சுக்காதே. கையேடு நாற்பத்தொண்ணாம் பக்கத்தைப் பாரு. சாய்வுமானிக்கு ஒரு கீறல் விழுந்தாக்கூட அந்த நிமிஷமே பக்கத்துத் துறைமுகத்துக்கு முழு வேகத்துல போகணும். கரையில ஆம்புலன்ஸ் நிக்கணும். பாதுகாப்பு விஷயத்துல நாங்க விளையாடுறதே இல்ல."

கடைசியில் குழு பெரிய மனது பண்ணி ஒரு முடிவுக்கு வந்தது. தச்சருக்குச் சந்தேகம் இருப்பதால், நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதே வேகத்தில், அதே திருப்பை மறுபடி திருப்பிச் சோதித்துப் பார்ப்பது.

மறுநாள் காலை ஒலிபெருக்கி சொன்னது: "அறிவியல் சோதனை ஒன்று நடைபெற உள்ளது. நேற்று எங்கே விழுந்தீர்களோ, அங்கேயே வந்து நிற்கவும். நேற்று கையில் வைத்திருந்த தட்டுகளையும் வைத்திருந்தால் முடிவுகள் துல்லியமாக இருக்கும்." வர மறுத்தவர்களைச் சிப்பந்திகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். கட்டுப் போட்டவர்களுக்கு நாற்காலி கொடுத்தார்கள். கால் இல்லாத பியானோ ஸ்டூலைக்கூட ஒட்டவைத்து அதே இடத்தில் வைத்தார்கள்.

தச்சர் அங்கே இல்லை. ஆஸ்பத்திரி அறையில் தைல டப்பாவைத் திறந்து, மனைவியின் கட்டில் கால்களை அந்த நாலு திருகாணிகளால் தரையோடு இறுக்கிக்கொண்டிருந்தார். கைக்கெட்டிய பெல்ட்டையெல்லாம் எடுத்து மற்ற நோயாளிகளைக் கட்டிலோடு கட்டினாள் டாக்டர்.

"மனு குடுத்தீங்களா?" என்றாள் தையல்காரி. வலியில் உதடு வெளுத்திருந்தது.

"இல்ல."

"பரவாயில்லையே," என்றாள்.

கப்பல் திரும்பியது. நேற்றுப்போலவே, இன்னும் கொஞ்சம் துல்லியமாக. கூடத்தில் என்ன நடந்தது என்பதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. நேற்று கையோடு தப்பியவர்களுக்கு இன்று கால், காலோடு தப்பியவர்களுக்கு இன்று தலை. ஒட்டவைத்த ஸ்டூல் ஒருவரின் வயிற்றில் இறங்கியது. ஆஸ்பத்திரி அறையில் நாலு கட்டில்கள் நோயாளிகளோடு சேர்ந்து பறந்துபோய்ச் சுவரில் மோதின. ஒரு கட்டில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. முன்கூட்டியே இறங்கியவர்களின் பட்டியலில் ஐந்து பேர் கூடினார்கள்.

சுக்கான் அறையில் குழுவினர் கம்பியைக் கட்டிப்பிடித்துத் தொங்கியபடி மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். முள் பூஜ்யத்தில் நின்றது.

"சோதனை வெற்றி!" ஒலிபெருக்கியில் அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. "இன்று கப்பல் சாயவில்லை. இன்று நடந்தது அப்படியே நேற்று நடந்தது. ஆகவே நேற்றும் சாயவில்லை என்பது ஐயமற நிரூபணம் ஆகிறது!"

டாக்டர் தையல்காரியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தச்சரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மணி ஒன்பதே முக்கால். சாயங்காலத்துக்கு இன்னும் எட்டு மணி நேரம்தான். பக்கத்துத் துறைமுகத்துக்கும் அவ்வளவுதான்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். தச்சர் மிரளவில்லை, ஒழுங்காக வேலை செய்தார். திருப்புளியோடு இறங்கிப் போய்ப் பித்தளைப் பலகையின் பதினாறு திருகாணிகளையும் கழற்றினார். கைதட்டலைக் குறிப்பவர் பார்த்துக்கொண்டே நின்றார். கழற்றுபவரைக் குறிக்கும்படி அவருக்கு உத்தரவில்லை. பதினாறையும் கொண்டுவந்து மற்ற நாலு கட்டில்களையும் இறுக்கினார். "இன்னொரு தடவை சாயும். எல்லாரையும் படுக்கச் சொல்லு," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

சுக்கான் அறையில் கேப்டன் மட்டும் இருந்தார். தச்சர் வெல்வெட் போர்வையை விலக்கினார்.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை."

முதல் அடி சறுக்கியது. ஊஞ்சல் அடியை வாங்கிக்கொண்டு பின்னால் போய், அழகாக ஆடி, நேராக வந்து நின்றது. முள் பூஜ்யம். இரண்டாவது அடியில் கண்ணாடி நொறுங்கி அவர் முகத்தில் தெறித்தது, புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது. ஊஞ்சல் மறுபடி நேராக நின்றது. முள் பூஜ்யம். என்ன ஒரு வேலைப்பாடு என்று அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது, அடுத்த நொடி ஆத்திரம் தலைக்கேறியது. இடது கையால் ஊஞ்சலை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பித்தளைத் தட்டு இரண்டாகப் பிளக்கும் வரை அடித்தார். அடித்த அடியில் தன் கட்டை விரலும் நசுங்கியது தெரியவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது அன்றைக்கு அவர் விஷயத்தில் உண்மையாயிற்று.

ஓடிவந்த அதிகாரி வாசலிலேயே மண்டியிட்டார். இருநூற்றுப் பதினாலு பேருக்கு வராத கண்ணீர் அவருக்குப் பொலபொலவென்று வந்தது. "அடப்பாவி! திருப்புங்க, கப்பலைத் திருப்புங்க! நாற்பத்தொண்ணாம் பக்கம்! உயிர் இருக்கும்போதே கொண்டுபோயிடணும்!"

கீழே பலகை ஆடுவதாக யாரோ வந்து சொல்லவே, அதைப் பிடித்துக்கொள்ள அவர் கீழே பறந்தார். கேப்டன் முழு வேகத்தில், ஒரே திருப்பாகத் திருப்பினார். வேறு விதமாக அவருக்குத் திருப்பத் தெரியாது.

டாக்டர் சொல்லியனுப்பியிருந்தபடி பயணிகள் தரையில் படுத்து எதையாவது கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்; இரண்டு நாளில் அவ்வளவு கற்றிருந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் பாதுகாப்புக் குழுவினர் மட்டும்தான். சாயாத கப்பலில் படுப்பது அவர்கள் கொள்கைக்கு விரோதம். அவர்கள் சுவர்களில் மோதி உடைந்தார்கள். அதிகாரி பித்தளைப் பலகையை வெள்ளைக் கையுறைகளால் தாங்கிப் பிடித்திருந்தார். பலகை அவர் மேல் சாய்ந்து, அவரைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடி வரை போய், இரண்டு தொடை எலும்புகளையும் முறித்தது. மயங்கிக் கிடந்தவரின் கையைப் பிடித்து, அவர் சார்பில் குமாஸ்தா ஃபாரம் நிரப்பினார். மற்ற இரண்டு கட்டங்களும் தீர்ந்துபோயிருந்ததால் 'விளையாட்டாக விழுந்தேன்' என்பதில் குறி விழுந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் கரை வந்தது. ஆம்புலன்ஸ் ஒன்றே ஒன்று, அதில் ஸ்ட்ரெச்சரும் ஒன்று. அதில் மாப்பிள்ளையைப் படுக்கவைத்து வெல்வெட் போர்த்தினார்கள். டாக்டர் காகிதத்தில் "மானிக்குத் துணையாக இருவர்" என்று எழுதித் தையல்காரியையும் அதிகாரியையும் வண்டித் தரையில் ஏற்றிவிட்டாள். மற்றவர்களுக்கு வேறு வண்டிகளைத் தேடிக் கத்திக்கொண்டே ஓடினாள். வழியெல்லாம் அதிகாரி முனகிக்கொண்டே வந்தார். "அவரை நல்லாப் பிடிச்சுக்கம்மா. குலுங்கப் போகுது." தச்சருக்குப் படிக்கட்டின் கீழேயே விலங்கு மாட்டினார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். ஐந்து நிமிடம் பார்க்க அனுமதி. கூடவே கம்பெனியின் கடிதம் ஒன்றும் வந்திருந்தது. விசாரணை முடிந்தது. கருவி கொடூரமாகத் தாக்கப்பட்ட நிலையிலும் முள் பூஜ்யத்திலேயே நின்றதால், கப்பல் ஒருபோதும் சாயவில்லை என்று தெரிகிறது. ஆயிரமாவது நாள் உரிய நாளில் கொண்டாடப்பட்டது. புதுக் கருவி வந்திருக்கிறது. அதற்குப் பழைய மாதிரியே ஒரு ஊஞ்சல் செய்து தருவதாகத் தச்சர் கையெழுத்திட்டால் வழக்கு வாபஸ். இல்லையென்றால் ஆறு மாதம் சிறை.

தையல்காரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இருந்தது. பெரிதாகக் கட்டுப் போட்டு, விரல்கள் மட்டும் வெளியே தெரிய, அவளுடைய சொந்தக் கால். தச்சர் அந்த விரல்களைத் தொட்டார், சூடாக இருந்தன. அவருக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. தனியாக இவள் எப்படி எழுந்து நடப்பாள், யார் தண்ணீர் எடுத்துத் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டே கடிதத்தை மடியில் வைத்து, காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அது கெடக்கட்டும், முதல்ல இதைப் பாருங்க." அவள் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கறுப்பில் வெள்ளையாக எலும்பு, எலும்போடு ஒரு தகடு, தகட்டில் வரிசையாக நாலு திருகாணிகள்.

"பியானோவுக்குப் போட வேண்டிய நாலையும் எனக்குப் போட்டுட்டாங்க," என்றாள்.

தச்சர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தனை மாசம்?" என்று அவளே கேட்டாள்.

"ஆறு."

"போயிட்டு வாங்க. அதுக்குள்ள எனக்கும் நடக்க வந்துடும்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கடிதத்தைப் போலீஸ்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, விலங்குக்குக் கையை நீட்டினார்.